சிக்கனம் எப்போது அறமாகிறது?

அண்மையில் கொழும்புத்துறையில் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். கிணற்றடியில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே சிறு வழக்கொன்று நடந்துகொண்டிருந்தது. நிலம் துடைக்கும் திரவம், பாத்திரம் கழுவும் திரவம், நுளம்புத்திரி, கரப்பொத்தானுக்கு அடிக்கும் மருந்து என மருமகள் கடையிலிருந்து கொண்டுவந்த பையே வழக்குக்குக் காரணம்.

"நாங்கள் இதெல்லாம் வாங்கியே பிள்ளையளை வளர்த்தனாங்கள்? சாம்பலும் தும்பும் காணாதே?" என்றார் மூதாட்டி.

"அந்த நேரம் உங்களை வாங்க விடேல்லை, மாமி. கடையிலை இருந்திருந்தால் நீங்களும் வாங்கியிருப்பியள்" என்றார் மருமகள்.

பிறகு, "சுவாமி, நீங்களே சொல்லுங்கோ" என்று ஒருவரும், "ஓம் பாதர், சொல்லுங்கோ" என்று மற்றவரும் என் பக்கம் திரும்பினர். நான் தேநீரைக் குடித்துவிட்டு நழுவிவிட்டேன். ஆனால் மருமகளின் சொல் என்னுடனேயே வந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின்மீது விழுந்த பொருளாதாரத் தடையில், மண்ணெண்ணெய், பற்றரி ஆகியவற்றுடன் சவர்க்காரமும் அகப்பட்டது. அப்போது நான் பள்ளிச் சிறுவன். பனம்பழத்தைத் தண்ணீரில் பிசைந்து, தும்பை வடித்து, அந்த மஞ்சட் களியில் எங்கள் உடுப்புகளை ஊறவைத்துத் தோய்ப்பார் அம்மா. அழுக்குப் போகும், வாசம் போகாது. வெள்ளைச் சட்டையில் ஒரு மங்கல் மஞ்சள் தங்கிவிடும். கொடியில் காயும் உடுப்பைப் பழமென்று எண்ணி மாடு வந்து சப்பிவிடும். பாதி சப்பிய கழுத்துப்பட்டியுடன் பள்ளிக்குப் போனவர்களில் நானும் ஒருவன். பனங்களியில் சவர்க்காரம்போல் நுரைக்கும் சப்போனின் வகைப் பொருள்கள் இருப்பதை எமது நாட்டு ஆய்வாளர்கள் பின்னர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். பழத்தின் கைப்புக்கும் அவற்றில் ஒன்றே காரணமாம். எம் தாய்மாருக்கு அந்தப் பெயர் தெரியாது. கை அறிந்ததை அவர்கள் செய்தார்கள்.

அது சிக்கனம் என்ற நற்பண்பா? நற்பண்பு என்பது மனிதன் தேர்ந்து செய்வதிலிருந்து பிறக்கும் பழக்கம் என்றார் அரிஸ்தோத்தில். புனித தோமஸ் அக்குவினாஸும் அவ்வழியே சென்றார். தேர்வே இல்லாத இடத்தில் பொறுமை உண்டு, கெட்டித்தனம் உண்டு, பிள்ளைகள்மேல் அன்பு நிறைய உண்டு. ஆனால் அக்காலத்து இல்லாமையைச் 'சிக்கனமான வாழ்க்கை' என்று நாம் இன்று புகழ்ந்தால், தடை விதித்தவர்களுக்கு நன்றி சொன்னவர்களாவோம். ஏழைக்குச் சிக்கனம் போதிப்பது எம்மைப் போன்ற குருக்களுக்கு மிகவும் இலகு. எமது உடுப்பைப் பெரும்பாலும் வேறொருவர்தாம் தோய்க்கிறார். ஆகவே மருமகள் சொன்னது நியாயம்.

ஆனாலும் மூதாட்டி தோற்றுவிடவில்லை. 2002இல் திறந்து, 2006இல் மூடுண்டு, 2009இல் மறுபடி திறந்த பாதையால் இன்று எல்லாம் வருகிறது. 2022இன் நெருக்கடியில் விலை எட்டாத உயரத்துக்குப் போனதே தவிர, வாங்காதே என்று எவரும் தடுக்கவில்லை. வாங்கலாம், வாங்காமலும் விடலாம் என்ற நிலையில்தான் இது மனச்சாட்சியின் கேள்வியாகிறது. தடைக்காலத்தில் மூதாட்டி சாம்பலால் துலக்கியது வேறு, இன்று துலக்குவது வேறு.

போத்தலில் ஒட்டியிருக்கும் விலை முழு விலையன்று. எமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. அடியில் இருப்பது வெடிப்பும் துளையும் நிறைந்த சுண்ணாம்புக்கல்; குடிக்கும் நீர் அதற்குள்தான் தங்குகிறது. கிணற்றடியில் ஊற்றுவது எங்கோ போய்விடுவதில்லை. நாளை அதே வாளியில், அல்லது அயல்வீட்டு வாளியில், ஏறிவரலாம்.

அதற்காக வீட்டில் செய்ததெல்லாம் தீங்கற்றது என்று எண்ணிவிடவும் கூடாது. கொழும்புத்துறைச் சந்தி இலுப்பையின்கீழ் யோகர் சுவாமிகள் ஆண்டுகள் பல அமர்ந்திருந்ததை ஊரார் இன்றும் சொல்வர். அவ்வினத்து மரத்தின் வித்தில் எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கினால் எம் பாட்டிமார் தலை முழுகினர். அதே பிண்ணாக்கைக் குளத்தில் போட்டால் மீன் செத்து மிதக்கும். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் தேசிக்காய்ப் புளியைச் சேர்த்தால் நச்சு வாயு எழும், சேர்க்கவே வேண்டாம். வேப்பிலைப் புகையும் புகைதான். இழுப்புள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அதைப் போடாதிருப்பதே நல்லது. 2017இல் இந்நாட்டில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. அந்த நுளம்பு முட்டையிடுவது பூச்சாடித் தட்டிலும் சிரட்டையிலும் பழைய ரயரிலும் தேங்கும் தெளிந்த நீரில். கிழமைக்கு ஒருமுறை அவற்றைக் கவிழ்த்துவிட ஒரு சதமும் செலவில்லை, புகையும் இல்லை. யாராவது குனிய வேண்டும், அவ்வளவுதான்.

யார் குனிவது? சிக்கனத்தைப் பற்றிப் பேசும்போது நாம் மறந்துவிடும் கேள்வி இது. சாம்பல் அரிப்பதற்கும், பழப்புளி போட்டுக் குத்துவிளக்கு மினுக்குவதற்கும், அரிசிப் பானைக்குள் வேப்பிலை காயவைத்துப் போடுவதற்கும் காசு வேண்டாம், நேரம் வேண்டும். அந்த மருமகள் அலுவலகம் முடிந்து வீடு சேர மாலை ஆறு மணியாகும். அவர் வாங்கிவந்தது திரவத்தை மட்டுமல்ல, அரை மணி நேர ஓய்வையும்தான். ஒருவர் மிச்சம்பிடிக்கும் பணத்துக்கு இன்னொருவர் முதுகு விலை கொடுக்குமானால், அந்தச் சிக்கனத்தை நான் பிரசங்க மேடையில் ஏற்றமாட்டேன். வழக்கு நடந்த நேரமெல்லாம் வீட்டுக்காரர் விறாந்தையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். இந்தப் பத்திரிகையைத்தான் வாசித்தார் என்பதால் அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

சென்ற ஞாயிறு பூசை முடிந்து மூவரையும் கண்டேன். மருந்துப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தாயிற்றாம். பாத்திரத் திரவம் மட்டும் நிற்கிறதாம். சிரட்டை கவிழ்க்கும் வேலை மகனுக்கு. ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கியதும் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக ஒரேயொரு சட்டையை அந்தக் காலத்து முறையில் தோய்க்கப் போகிறாராம் மூதாட்டி. பிழிவது மகன் என்று மருமகள் சொன்னார்.

அயலில் மாடு உண்டோ என்று விசாரித்தேன். உண்டாம்.