வெள்ளிக்கிழமையையும் சொல்ல வேண்டும்

ஈஸ்டர் வாரம் வந்தால் சென்னைப் பேக்கரிகளில் சாக்லேட் முட்டைகள் அடுக்கிவிடுகிறார்கள். பிள்ளைகள் கேட்டால் வாங்கித் தருகிறேன். என் கவலை வேறு. பயந்துவிடுவார்கள் என்று பெரிய வெள்ளியைச் சின்னப் பிள்ளைகளிடம் மறைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையை மட்டும் கொடுக்கிற வழக்கம் எனக்குத் தெரிந்த வீடுகளில் பெருகிவருகிறது. சாவைச் சொல்லாமல் உயிர்ப்பை எப்படிச் சொல்வது?

மகளுக்கு நான்கு வயதிருக்கும்போது கோயில் சுவரில் இருந்த சிலுவைப் பாதைப் படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இயேசப்பாவுக்கு ஏம்பா ஆணி அடிச்சாங்க? வலிக்கும்ல?" வலித்தது என்றேன். அழுதுவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைக் கடிந்துகொண்டார்கள். பழவேற்காட்டில் பிறந்து வளர்ந்த என் மாமியார் மட்டும், "அழட்டும் மாப்ள, நானும் அந்த வயசுல அழுதவதான்" என்றார்.

பிள்ளைகள் 'ஆயா' என்று கூப்பிடும் அவரிடம்தான் இந்த வாரத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது என்று கற்றுக்கொண்டேன். அவர் விளக்கம் சொல்ல மாட்டார், கைக்கு வேலை கொடுப்பார். குருத்தோலை ஞாயிறன்று ஓலையைச் சிலுவையாக மடிக்கச் சொல்லித் தருவார். அது ஒரு வருடம் இயேசு படத்துக்குப் பின்னால் காய்ந்துகொண்டிருக்கும். அடுத்த தவக்காலம் தொடங்குமுன் பிள்ளைகளே அதைக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அது எரிந்த சாம்பல்தான் சாம்பல் புதனன்று நெற்றிக்கு வருகிறது. பச்சை ஓலை சாம்பலாவதைக் கண்ணால் கண்ட பிள்ளையிடம் சாவைப் பற்றிப் பேசுவது அவ்வளவு கடினமாக இல்லை.

பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதத்தோடு ஓய்கிற கோயில் மணி, சனிக்கிழமை இரவு பாஸ்கா திருவிழிப்பில் அதே கீதம் வரும்வரை ஒலிக்காது. நடுவில் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். இதைக் கவனித்த என் பிள்ளைகள், அந்த நாட்களில் வீட்டு அழைப்பு மணியையும் யாரும் அழுத்தக் கூடாது என்று அவர்களாகவே சட்டம் போட்டுவிட்டார்கள். பால்காரர் உட்பட எல்லோரும் கதவைத் தட்டுகிறார்கள். நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்காத இந்த வழக்கம், எங்களுக்குப் பிறகும் நிற்கும் என்று நம்புகிறேன்.

வெள்ளி மதியம் கஞ்சியும் பருப்புத் துவையலும். அந்தக் கஞ்சிக்கு நான் எப்போதும் வீட்டில் இருப்பேன் என்று சொல்ல முடியாது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு 4 தேசிய விடுமுறை, 5 பண்டிகை விடுமுறை. பொங்கலும் தீபாவளியும் ஆயுத பூசையும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவதில் பெரிய வெள்ளிக்கு இடம் கிடைப்பது உறுதியில்லை. நான் வேலை பார்க்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இரும்பு உருக்கும் உலைகள் இரவும் பகலும் எரிகின்றன. யாராவது நின்றுதான் ஆக வேண்டும். திருவிழிப்போ இருட்டிய பிறகு தொடங்கி விடியுமுன் முடிய வேண்டியது. நைட் ஷிப்ட் விழுகிற வருடங்களில் பாஸ்கா திரி ஏற்றுவதைப் பிள்ளைகள் சொல்லித்தான் கேட்டுக்கொள்கிறேன்.

இதில் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் இருந்தது. அதைத் தீர்த்ததும் ஆயாதான். உயிர்த்த ஆண்டவர் அன்று யாரைத் தேடிப் போனார் என்று பாருங்கள் என்றார். பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் வந்தார். எம்மாவு என்ற ஊரில் சாப்பாட்டு வேளையில் அப்பத்தைப் பிட்டார். பிறகொரு நாள், இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் கிடைக்காமல் கரைக்கு வந்தவர்களுக்கு விடியலில் கரி மூட்டி மீன் சுட்டு வைத்திருந்தார். ஏரிக்கரைக்காரரான ஆயா, அது பழவேற்காட்டில் நடந்ததைப் போலவே சொல்வார். இரவு வேலை முடித்து வருகிறவர்களுக்கான கதை அது. அதனால் எங்கள் வீட்டில் ஈஸ்டர் காலை, நான் வந்து சேர்ந்த பிறகு, மடவை மீன் சுடுவதில் தொடங்குகிறது. கறிக்குழம்பும் இட்லியும் அதற்குப் பிறகுதான்.

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கிருந்து வரும் ஒரு பையனோடு என் மகன் படிக்கிறான். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலையில் இலங்கையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோயிலிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் குண்டு வெடித்ததை அவன் வழியாகத்தான் என் மகன் அறிந்துகொண்டான். சீயோனில் ஞாயிறு பள்ளி முடித்து வெளியே நின்ற பிள்ளைகள் பலர் இறந்தார்கள். "ஈஸ்டர் அன்னைக்கேவா?" என்றுதான் முதலில் கேட்டான். ஆமாம் என்றேன். கடவுள் ஏன் தடுக்கவில்லை என்றான். ஆணி அடித்தபோதும் தடுக்கவில்லை, அதைத்தான் ஒவ்வொரு வருடமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்றேன். என்னிடம் இருந்த பதில் அவ்வளவுதான். அதைவிட இனிப்பான ஒன்றைச் சொல்லியிருந்தால் என்னை அவன் நம்பியிருக்க மாட்டான்.

அந்த வருடத்திலிருந்து வெள்ளிக்கிழமைக் கஞ்சிக்கு முன் அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்கிறோம். யாருக்காக என்று மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. அவள் புதுநன்மை வாங்கும் வருடம் தானே சொல்வதாக அண்ணன் என்னிடம் கேட்டு வைத்திருக்கிறான்.