கையை அசைப்பவன் யார்?

காஞ்சிக்கு அணித்தாய ஏனாத்தூரில் இன்று மருத்துவக் கல்லூரியொன்று உளது. அங்கு முதலாண்டு மாணவரும் அறிவதொன்றுண்டு. மூளையின் இடப்பாகத்தெழும் ஏவல் முகுளத்தின் அடியிற் பெரும்பாலும் குறுக்கே கடந்து, தண்டுவடத்தின்வழி இறங்கி, நரம்பின் நுனியில் அசெட்டைல்கோலின் என்னும் பொருளைச் சுரப்பித்து வலக்கைத் தசையைச் சுருக்குகின்றது. அவ்வழி சிதையின் பக்கவாதம். நினைவு உளது, கை எழாது.

இதுகொண்டு, மூளையே யாவும், உயிரென வேறில்லை என்பாருளர். கனடா நாட்டு மருத்துவர் பென்பீல்டு விழித்திருந்த நோயாளரின் மூளையை மின்விசையாற் தீண்டக் கை அசைந்தது. அவரோ தாம் அசைத்ததன்று, மருத்துவர் அசைத்ததே என்றனர். விருப்பத்தை எழுப்பும் இடமொன்றையும் பென்பீல்டு கண்டிலர். நம்மவர் இதுகேட்டு மகிழ்தல் கூடும். அம்மகிழ்ச்சி நிலையாது. 2009-இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர் மூளையின் வேறோரிடத்தைத் தீண்ட, அசைக்கவேண்டுமென்னும் விருப்பமே எழுந்தது. மின்விசை மிக, அசைத்துவிட்டதாகவே நோயாளர் நம்பினர். தசையோ சிறிதும் அசைந்திலது.

சித்தாந்தி இதற்கு அஞ்சவேண்டுவதில்லை. மனமும் மாயையின் காரியமே, சடமே. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்தில், உயிர் அந்தக்கரணங்களுள் ஒன்றன்றெனப் பிரித்து, அமைச்சரொடு கூடிய அரசனை உவமையாக்கினர். அமைச்சனைப் பிறர் ஏவுதலும் உண்டன்றோ? கருவியில் விருப்பம் எழுப்பப்படலாம். அதனைத் தன் விருப்பமென்று கண்டவன் எவன் என்பதே வினா.