துக்கம் விசாரிப்பது எதற்காக?

கொடை வள்ளல் ஒருவர் மறைந்தால் ஊரே அவரது இல்லத்தில் கூடுகிறது. அவர் உதவியால் கல்வி பெற்றவர்கள், நோய் தீர்ந்தவர்கள், அவர் அளித்த நிதியால் நடைபெறும் அமைப்புகளின் நிர்வாகிகள் என்று பலரும் வந்து மாலை சாத்துகின்றனர். 'நாங்கள் அனாதைகளாகிவிட்டோம்' என்று அவரது மனைவியிடம் சொல்லிக் கண்ணீர் விடுகின்றனர். அவ்வாறு சொல்பவர்களின் உள்ளத்தில் பொய் இல்லை. ஆயினும், ஆறுதல் பெற வேண்டியவர் அவ்வேளையில் ஆறுதல் கூற வேண்டியவராக மாறிவிடுகிறார். வந்தவர்கள் ஒவ்வொருவரின் துயரத்தையும் கேட்டுத் தலையசைக்கும் பொறுப்பு அவர்மீது விழுகிறது. ஊர் ஒரு வள்ளலை இழந்தது. அந்தப் பெண்மணி இழந்தது தம் கணவரை. இவ்விரு இழப்புகளையும் ஒன்றாக எண்ணிவிடுவதே நம்முடைய முதல் பிழை.

இரண்டாவது பிழை தத்துவத்தின் பெயரால் நிகழ்கிறது. 'ஆத்மா அழிவற்றது, அதற்காகத் துயரப்படலாமா?' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சொல்லும் கருத்து உண்மைதான். ஆனால் உண்மையான ஒன்றை எந்த நேரத்தில், யாரிடம் சொன்னாலும் அது தர்மமாகிவிடுமா? பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தை நினைத்துப் பார்ப்போம். 'நான் உமது சீடன், எனக்கு அறிவுறுத்துவீராக' என்ற பொருள்பட அர்ஜுனன் சரணடைவது ஏழாம் சுலோகத்தில். ஆத்மாவைப் பற்றிய உபதேசம் தொடங்குவது பதினொன்றாம் சுலோகத்தில். கேட்டவனுக்கே பகவான் அந்த ஞானத்தை அருளினார். கேளாத ஒருவரிடம், அதுவும் கணவரை இழந்து சில நாட்களே ஆன ஒருவரிடம், அதே ஞானத்தை எடுத்துரைத்தால் அது கண்டனமாகவே ஒலிக்கும். 'அழுவது உன் அறியாமை' என்பதே அவர் காதில் விழும்.

ஸ்ரீராமகிருஷ்ணரின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி அன்பர்கள் அறிந்ததே. மகனைத் தகனம் செய்துவிட்டு மணி மல்லிக் நேராக தட்சிணேசுவரத்திற்கு வந்தார். அறையிலிருந்தவர்கள் பலவாறு ஆறுதல் கூறினர். குருதேவரோ நெடுநேரம் ஒன்றும் பேசாமல் அந்தத் தந்தையின் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பின்னரே பரவச நிலையில் எழுந்து, மரணத்தை எதிர்த்துப் போரிட அழைக்கும் பாடலைப் பாடினார். அதோடு அவர் நிற்கவில்லை. தம் அண்ணன் மகன் அட்சயன் இறந்தபோது, ஈரத்துணியைப் பிழிவதுபோல் தம் இதயமும் பிழியப்பட்டதை எடுத்துச் சொன்னார். பிரம்ம ஞானிக்கே அவ்வாறு இருந்ததென்றால், இல்லறத்தார் துயரப்படுவதில் குற்றம் காண நாம் யார்?

இங்கே நம் தமிழ் வழக்கு ஒன்று வழிகாட்டுகிறது. இறப்பு நிகழ்ந்த வீட்டிற்குச் செல்வதை நாம் 'துக்கம் விசாரித்தல்' என்கிறோம். விசாரித்தல் என்றால் கேட்டறிதல். ஆக, செல்பவரின் கடமை கேட்பது. பேச வேண்டியவர் துயருற்றவர். வேதாந்தமும் உண்மையை நாடும் முயற்சியை விசாரம் என்றே அழைக்கிறது. இன்னொருவரின் துயரத்தைப் பொறுமையுடன் கேட்பதும் ஓர் உண்மையை நாடுவதே.

அப்படியானால், கணவரின் பணியைத் தொடருமாறு அந்தப் பெண்மணியிடம் சொல்லவே கூடாதா? இதற்கு வார்தாவில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்கலாம். ஜம்னாலால் பஜாஜ் 1942 பிப்ரவரி 11 அன்று தமது 52-ஆம் வயதில் திடீரென மறைந்தார். தம் செல்வத்தை நாட்டுப்பணிக்கு வாரி வழங்கியவர் அவர். மகாத்மா காந்தி அவரைத் தமது ஐந்தாவது மகனாகவே கருதினார். 1902-இல், சிறு வயதிலேயே, அவருக்கு வாழ்க்கைப்பட்டவர் ஜானகிதேவி. நாற்பது ஆண்டுத் துணை ஒரே நாளில் மறைந்தபோது, தாமும் உடன்கட்டை ஏற வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எழுந்ததாக வரலாறு கூறுகிறது. சேவாகிராமத்திலிருந்து விரைந்து வந்த காந்திஜி அதைத் தடுத்து, கணவரின் பணிக்கே வாழ்வை அர்ப்பணிக்குமாறு சொன்னார். ஜானகிதேவி அதை ஏற்றார். ஜம்னாலால் தம் இறுதி மாதங்களில் ஈடுபட்டிருந்த கோசேவைப் பணியின் தலைமைப் பொறுப்பைப் பின்னர் பல ஆண்டுகள் வகித்தார். வினோபா பாவேயின் பூதான இயக்கத்திலும், கிணறுகளைத் தானமாகப் பெறும் கூபதானப் பணியிலும் ஈடுபட்டார். 1956-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. 1979-இல் அவர் காலமானார்.

காந்திஜி கூறியது கொடுமையாகாமல் ஆறுதலாக அமைந்தது எப்படி? முதலாவது, அவரும் ஒரு மகனை இழந்தவராகவே அங்கு நின்றார். இரண்டாவது, ஜானகிதேவியின் இயல்பை அவர் நன்கு அறிந்திருந்தார். தங்க நகைகளைத் துறந்தவர், முக்காட்டு வழக்கத்தைக் கைவிட்டவர், கணவரின் தொண்டில் முன்பே பங்கேற்றவர் ஜானகிதேவி. அவருக்கு அளிக்கப்பட்டது புதிய சுமையன்று. அவர் ஏற்கெனவே நடந்துவந்த பாதை. மூன்றாவது காரணம் மிக முக்கியமானது. பிப்ரவரி 20 அன்று காந்திஜி ஜம்னாலாலின் நண்பர்களை வார்தாவில் ஒன்றுகூட்டி, அவர் விட்டுச் சென்ற பணிகளைப் பகிர்ந்து ஏற்கும்படி கேட்டுக்கொண்டார். முழுச்சுமையையும் மனைவியின் தோளில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் விலகிக்கொள்ளவில்லை.

நாம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். 'ஐயாவின் தர்மத்தை அம்மா விடாமல் நடத்த வேண்டும்' என்கிறோம். இவ்வாண்டு நன்கொடை வருமா என்ற கவலை அச்சொல்லின் அடியில் ஒளிந்திருக்கலாம். அவ்வாறாயின் அது அனுதாபம் ஆகாது, யாசகமே. பணியைத் தொடர்வதா, எப்போது, எவ்வளவு என்பதை முடிவு செய்யும் உரிமை அவருடையது. அவர் தொடர விரும்பாவிட்டாலும் நம் மரியாதை குறையலாகாது.

எனவே, அத்தகைய இல்லத்திற்குச் செல்லும் அன்பர்கள் சிலவற்றை மனத்தில் கொள்ளலாம். அவர் பேசினால் கேட்போம். பேசாவிட்டால் சற்று நேரம் உடனிருந்துவிட்டு வருவோம். நமது நன்றியைச் சுருக்கமாகச் சொல்வோம். மறைந்தவரின் பணிகளில் நம்மால் இயன்ற ஒன்றை, அவரிடம் அறிவிக்காமலேகூட, நாம் ஏற்றுச் செய்வோம். கூட்டம் கலைந்து, கடிதங்கள் நின்று, வீடு அமைதியாகிவிட்ட மூன்றாம் மாதத்தில் மீண்டும் ஒருமுறை சென்று, 'எப்படி இருக்கிறீர்கள், அம்மா?' என்று கேட்போம். அப்போதுதான் அவர் தம் மனத்தைத் திறந்து பேசக்கூடும்.