விடுபட்ட வருஷம்

பண்டிகை விற்பனையை உத்தேசித்து முன்கூட்டியே வெளியிடப்படும் புத்தகத்தைப் பற்றி நம்மிடம் தயாராக ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. அது வியாபாரம், வியாபாரத்தில் அவசரம் உண்டு, அவசரத்தில் எழுத்து கெடும். தீபாவளி மலர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு மேல் நிரூபணம் வேண்டியிருக்கவில்லை. நானும் வெகுகாலம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நா எழவில்லை. காரணம் இரண்டு ஆங்கிலேயர்கள். நம் பத்திரிகைகளின் கௌரவத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாத பெயர்கள்: டிக்கன்ஸ், அகதா கிறிஸ்டி.

இங்கிலாந்துப் பதிப்பாளனின் பஞ்சாங்கத்தில் கிறிஸ்துமஸ் செப்டம்பரிலேயே பிறந்துவிடுகிறது. கடைகள் சரக்கெடுத்து அடுக்க வேண்டும். பரிசு வாங்குகிறவர்கள் சாவகாசமாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும். அதற்கு முன்னால் அச்சு, பைண்டிங். அதற்கும் முன்னால் கைப்பிரதி. இப்படிப் பின்னோக்கி எண்ணிக்கொண்டு போனால் எழுதுகிறவனின் மேஜையில் வந்து முட்டும். இப்போதெல்லாம் அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை நூற்றுக்கணக்கான கெட்டி அட்டைப் புத்தகங்கள் ஒரே நாளில் இறங்குகின்றன. 'சூப்பர் தர்ஸ்டே' என்று அதற்குப் பெயர். வாங்குகிறவன் வேறு, படிக்கப்போகிறவன் வேறு என்பதுதான் இந்தச் சந்தையின் விசேஷம். படிக்கப்படாமலே போகலாம் என்பதும் அதில் அடக்கம்.

'எ கிறிஸ்துமஸ் கரோல்' 1843 அக்டோபரில் தொடங்கி ஆறு வாரத்தில் எழுதப்பட்டது. அப்போது தொடராக வந்துகொண்டிருந்த 'மார்ட்டின் சஸ்ல்விட்' சரியாகப் போகவில்லை. வீட்டில் ஐந்தாவது குழந்தை பிறக்க இருந்தது. பணம் தேவை. தயாரிப்புச் செலவை டிக்கன்ஸே ஏற்றுக்கொண்டார். பொன் விளிம்பு, கையால் வண்ணம் தீட்டிய படங்கள், விலை ஐந்து ஷில்லிங். கதைக்குள் வரும் குமாஸ்தா பாப் க்ராட்சிட்டின் வாரச் சம்பளம் பதினைந்து ஷில்லிங். தன்னைப் பற்றிய புத்தகத்தை வாங்க அவன் இரண்டு நாள் கூலியைக் கொடுத்திருக்க வேண்டும். டிசம்பர் 19-ல் வெளிவந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளுக்குள் 6,000 பிரதிகள் போய்விட்டன. ஆயிரம் பவுன் எதிர்பார்த்தவருக்கு முதல் பதிப்பில் கிடைத்தது 230 பவுன்தான் என்பது வேறு கதை. அவசரம், பணம், பண்டிகை என்று நாம் வெறுக்கிற சேர்மானங்கள் எல்லாம் இருந்தன. புத்தகம் கெடவில்லை. அந்த ஆறு வாரத்தின் மூச்சிரைப்பு இல்லாவிட்டால் ஸ்க்ரூஜ் ஒரே இரவில் மாறியிருக்க மாட்டான் என்றுகூடத் தோன்றுகிறது. சாவகாசம் இருந்திருந்தால் அவனைத் திருத்த டிக்கன்ஸ் இருபது மாதத் தவணைகள் எடுத்துக்கொண்டிருப்பார்.

பிறகு அது வழக்கமாயிற்று. 1844, 1845. 1846-ல் 'த பேட்டில் ஆஃப் லைஃப்'. 'டோம்பி அண்ட் சன்'னை ஆரம்பித்த கையோடு, ஸ்விட்சர்லாந்தில் உட்கார்ந்துகொண்டு எழுதியது. இரண்டையும் சமாளிக்க முடியாமல், இந்த வருஷம் கிறிஸ்துமஸ் புத்தகமே வராமல் போகலாம் என்று நண்பர் ஜான் ஃபோர்ஸ்டருக்கு எழுதினார். ஆனாலும் முடித்துக் கொடுத்தார். ஐந்தில் மிகவும் சோனியானது அது. அதே தேதி, அதே மனிதர், அதே பண்டிகை. ஆகவே தேதியைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை.

1847-ல் விட்டுவிட்டார். டோம்பி பாதியில் இருந்தது. அது குறித்து ஃபோர்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு வருத்தங்களைச் சொல்கிறார். பணம் போகிறதே என்பது ஒன்று. அதைவிட அதிகமாக, ஜனங்களின் கணப்படுப்பருகில் தான் நிரப்பியாக வேண்டிய ஓர் இடம் காலியாகக் கிடக்குமே என்பது மற்றது. முதலாவதை வியாபாரம் என்றும் இரண்டாவதைக் கடமை என்றும் பிரித்து வைக்க நமக்கு ஆசை. அவர் பிரிக்கவில்லை. பிரிக்க முடியுமா என்பதே சந்தேகம். காத்திருக்கிறவனிடம் கடன்பட்டிருப்பதும் அவன் காத்திருப்பதை விற்பதும் ஒரே கையால்தான் நடக்கிறது. இரண்டாவது வருத்தம் நிஜமா, முதலாவதன்மேல் போர்த்திய சால்வையா என்பது எழுதியவனுக்கே தெரியாது. ஆனால் அந்த வருஷம் அந்த இடம் காலியாகத்தான் கிடந்தது. அவ்வளவு வருத்தத்தோடும் அவரால் விட முடிந்தது. 1848-ல் இன்னும் ஒன்று எழுதினார். அப்புறம் பத்திரிகைகளில் கிறிஸ்துமஸ் கதைகள் வந்தனவே தவிர, அந்த வரிசை நின்றுவிட்டது.

விட முடியாமற்போனது கிறிஸ்டிக்கு. 'கிறிஸ்துமஸுக்கு ஒரு கிறிஸ்டி' என்பது அவருடைய பதிப்பாளர்களான காலின்ஸின் விளம்பரம். 1973-ல் வந்த 'போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்'தான் அவர் கடைசியாக எழுதிய நாவல். ஞாபகம் தள்ளாடுவது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. 2009-ல் டொரோன்டோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அவருடைய நாவல்களின் சொற்களை எண்ணிப்பார்த்து, கடைசிக் காலத்தவற்றில் சொல்வளம் சுருங்கியிருப்பதைக் காட்டினார்கள். எண்ணாமலே வாசகனுக்குத் தெரிந்த சமாசாரம். 1974-ல் புது நாவல் இல்லை. பழைய பாய்ரோ கதைகளைத் தொகுத்துப் போட்டார்கள். 1975-ல் பெட்டகத்தைத் திறந்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது எழுதி, தன் மரணத்துக்குப் பிறகு வரட்டும் என்று பத்திரப்படுத்தியிருந்த 'கர்ட்டன்' வெளியே வந்தது. பாய்ரோ சாகும் கதை. கிறிஸ்டி சம்மதித்துத்தான் வந்தது. ஆகஸ்டு 6-ந் தேதி 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் பாய்ரோவின் மரணச் செய்தியைப் போட்டது. செப்டம்பரில் லண்டனில் புத்தகம். 1976 ஜனவரி 12-ல் கிறிஸ்டி காலமானார்.

இங்கே நம் அபிப்பிராயம் உதவிக்கு வராது. முப்பது வருஷம் ஊறிய புத்தகம். பண்டிகைக்காக ஒரு வரிகூட அவசரத்தில் எழுதப்படவில்லை. நன்றாகவும் இருக்கிறது, அதற்கு முன் வந்த இரண்டு மூன்றைவிட எவ்வளவோ நன்றாக. யாருக்கும் நஷ்டமில்லை. பிறகு எனக்கு ஏன் உறுத்துகிறது? நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "கிழவி கண்ணால் பார்த்துவிட்டுப் போனாளே, நல்லதுதானே" என்றார். இருக்கலாம். எனக்குத் தோன்றுவது இது: எழுதவில்லை என்பதும் எழுத்தாளனுடைய காரியம்தான். 1847 டிக்கன்ஸினுடையது, 'கரோல்' அவருடையதாக இருக்கிற மாதிரியே. 84 வயதில் ஒரு பெண்மணியால் இனி எழுத முடியவில்லை என்பது, காலியான இடமாக, ஒரு கிறிஸ்துமஸாவது தெரிந்திருக்க வேண்டும். தெரியவிடவில்லை. சாவுக்கென்று வைத்திருந்ததைக் கொண்டுவந்து அதை மூடினார்கள்.

இதை ஒதுங்கி நின்று சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. சில வருஷங்களுக்கு முன் ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கென்று ஒரு நாவலைக் கொடுத்தேன். நமக்கு அதுதான் கிறிஸ்துமஸ். அதன் பதினோராம் அத்தியாயத்தில் அண்ணன் வீட்டைவிட்டுப் போகிறான். ஏன் போகிறான் என்பது எனக்கே பிடிபட்டிருக்கவில்லை. பதிப்பாளர் அவசரப்படுத்திவிட்டார் என்று நண்பர்களிடம் சொல்லிவந்தேன். பொய். முடியவில்லையென்றால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அந்த மனிதர் சொன்னார். டிக்கன்ஸின் இரண்டு வருத்தங்களில் ஒன்றுகூட எனக்குக் கிடையாது. போட்டது முந்நூறு பிரதி. பணம் என்று சொன்னால் சிரிப்பார்கள். கணப்படுப்பருகில் காத்துக்கொண்டிருந்தவர்களும் யாருமில்லை. எல்லோருடைய புத்தகமும் பரப்பி வைத்திருக்கிற மேஜையில் என்னுடையது இல்லாமல் இருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். தாமதத்தையே ஒரு தகுதியாக மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருந்தவன் நான்.

கண்காட்சியில் ஒருவர் அதை வாங்கினார். தங்கை மகளுக்குப் பரிசாகக் கொடுக்க என்று சொல்லி, அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். அவர் படிக்கப்போவதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்தப் பெண் படிக்கக்கூடும். பதினோராம் அத்தியாயத்துக்கு வந்து, அண்ணன் ஏன் போனான் என்று பின்னால் புரட்டிப் புரட்டித் தேடக்கூடும், தான்தான் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு. சின்ன 'ன'வா பெரிய 'ண'வா என்று கேட்டுப் பெயரைச் சரியாக எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.