இடத்தைச் சொல்லலாமா?

அரிய செடியொன்றைத் தேடிக் கண்டவர் அது நிற்கும் இடத்தை எழுதிவைக்க வேண்டுமா, மறைக்க வேண்டுமா? தாவரவியல் கேள்விதான். ஆனால் தூத்துக்குடிக்காரனான என் காதில் இது கடல் கேள்வியாகவே விழுகிறது.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி எங்கள் புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. அந்த ஆற்றின் தலைமாட்டில், அகத்தியமலைப் பகுதியில் மட்டும் காணப்படும் ஆர்க்கிட் பாபியோபெடிலம் ட்ரூரி. மஞ்சள் பூ, இதழ் நடுவே பழுப்புக் கோடு, கீழே செருப்பு முனை மாதிரி ஒரு பை. 1865இல் கர்னல் ட்ரூரியின் கண்ணில் பட்டது. அழகே வினையானது, சேகரிப்பவர்கள் பெயர்த்துப் பெயர்த்துக் காட்டில் அருகிப்போனது. இன்று சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. இருந்தும் கணக்கெடுப்பவர்கள் துல்லியமான இடத்தை அச்சிடத் தயங்குகிறார்கள். காரணம் உண்டு. இதே பேரினத்தைச் சேர்ந்த வியட்நாம் செடியொன்று 1999இல் அறிவியல் பெயர் பெற்றது; சில வருடங்களுக்குள் காட்டில் அநேகமாகத் துடைத்தெடுக்கப்பட்டது.

எங்கள் முத்துப் பார்களில் கணக்கெடுப்பின் நோக்கமே வேறு. அரசாங்கம் ஆள் இறக்கி மாதிரிக்குச் சிப்பி எடுக்கும், முத்தை மதிப்பிடும், தேறினால் சலாபத்தை ஊரறிய அறிவிக்கும். எண்ணியதே எடுப்பதற்காக. 1961தான் கடைசிச் சலாபம். (குளித்தது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், பார்கள் தாமாகவே வெறுமையான காலங்கள் முன்பும் உண்டு.)

மீன்பிடிக்கிறவர் வழி இன்னொன்று. கரையில் தெரியும் கோபுரத்தையும் தூரத்து மேட்டையும் ஒரே கோட்டில் பிடித்து இடத்தை மனசில் வைத்துக்கொள்வார். கேட்டால், "எடத்தச் சொல்லிட்டா நாளைக்கு அங்க நமக்கு எடம் இருக்காதுல்லா" என்பார்.

இந்த மறைப்பில் எனக்கு நம்பிக்கை உண்டு, ஏனென்றால் மறைப்பவர் நாளையும் அங்கேதான் போக வேண்டும். கோப்பில் மறைக்கிற அதிகாரி மாற்றலாகிப் போய்விடுவார். பிறகு ஒரு ரோட்டுத் திட்டம் வந்தால், "இங்க அப்படி ஒண்ணும் இல்லையே" என்று சொல்வது சுலபம். ஆகவே எந்த மலை என்பது எல்லோருக்கும் தெரியட்டும். எந்தப் பாறை என்பது வனத்துறையோடு, அங்கேயே வாழும் காணிகளிடமும் இருக்கட்டும். அவர்களிடம் மறைப்பது அபத்தம், காடு அவர்கள் நடந்து பழகியது.

வியாபாரிக்குப் புத்தகம் எதற்கு? நாலு காசைக் காட்டி ஒருவரைக் கூட்டிப்போகச் சொன்னால் போதும் என்பார்கள். உண்மைதான். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1930இல் மறுபடி கண்ட ஒற்றைச் செருப்பு ஆர்க்கிட்டை இடம் சொல்லாமலே பல பத்தாண்டுகள் காத்தார்கள்; பூக்கும் பருவத்தில் பக்கத்தில் காவலாள் இருந்தார். பொதிகையில் அந்த வேலையைக் காணிகளுக்கே கொடுக்கலாம். இனாமாக அல்ல, வியாபாரி காட்டும் காசுக்குக் குறையாத மாதச் சம்பளத்துக்கு.