உதவிக்கு எது ரசீது?

கொடுத்த காசுக்கு ரசீது கேட்பது வியாபாரிகளாகிய நம் வழக்கம், அது நியாயமும்கூட. ஆனால் ஏழை மாணவனுக்கு உதவித்தொகை கொடுத்து, அவனை மேடையேற்றிப் படம் பிடிப்பதும் ஒருவகை ரசீதன்றோ? அது நியாயமா?

சிங்கப்பூரில் 1982இல் மெண்டாக்கியும் 1991இல் சிண்டாவும் தோன்றின. தொழிலாளரின் மாதச் சம்பளத்தில் பிடிக்கப்படும் சந்தாவும் சேர்ந்தே, பிள்ளைகளை மேற்படிப்புக்கு ஆயத்தமாக்கும் துணைப்பாட வகுப்புகள் அங்கே நடைபெறுகின்றன. கொடுத்தவர் இன்னாரென்று பிள்ளை அறியான். உதவி பெற்றவனைக் கொடுத்தவரும் அறியார். யாரும் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை.

பணத்துக்குக் கணக்கைச் சங்கத்தாரிடம் கேட்போம். அது நம் உரிமை. பிள்ளையிடம் கேட்கலாகாது. வெட்கப்பட்டவன் வகுப்புக்கு வரமாட்டான். பிறகு கொடுத்த பணமும் நஷ்டமே.

அன்பர்களே, பேரேட்டில் தொகையை எழுதுவோம். பெயரை விளம்பரம் செய்யாதிருப்போம். அவன் முன்னேறி இன்னொரு பிள்ளைக்குக் கைகொடுத்தால், அதுவே நமக்கு ரசீது.