லைசென்ஸ் மட்டும் போதுமா?

அமெரிக்காவில் தகுதியுள்ள குடிமகன், இரண்டாம் உலகப்போரில் பயன்பட்ட எம்1 காரண்ட் ரகத்தைச் சேர்ந்த உபரி இராணுவத் துப்பாக்கியைச் சட்டப்படி விலைக்கு வாங்கலாம். நம் சுங்கை லாலாங்கிலோ, 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் கூடாது.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், அனுமதியற்ற துப்பாக்கி ஒருவனைத் தூக்குமேடைக்கு அனுப்பிற்று. தோட்டங்களைக் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிளுக்கோ அதைச் சுமப்பதே கடமையாயிற்று.

பன்றி பயிரை அழிக்கிறது என்று துப்பாக்கி கேட்பவர் பக்கம் நியாயமுண்டு. சுவரில் மாட்டி அழகு பார்க்க ஆசைப்படுகிறவர்? அவரையும் குற்றவாளி என்று நாம் சொல்லமாட்டோம். ஆசைக்கு ஏது வேலி! ஆனால் பெட்டியின் சாவி யாரிடம், தோட்டாக்கள் எங்கே என்று பிள்ளைகளைப் பெற்ற அண்டைவீட்டார் கேட்டால், லைசென்சைக் காட்டி அவர்கள் வாயை அடைப்பது முறையன்று.